மிலிட்டரி மிஷன்: தமிழில் என்னவென்று சொல்வது?

‘1913 டிசம்பரில் ஜெர்மன் மிலிட்டரி மிஷன் இஸ்தான்புல் வந்து சேர்ந்தது.’ இந்த வரியைத் தமிழில் எழுதச் சொன்னால் பலரும் யோசிக்காமல் ‘ஜெர்மன் ராணுவ நடவடிக்கை’ என்று எழுதிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மிஷன் என்றாலே போய் முடித்துவிட்டுத் திரும்ப வேண்டிய ஆபத்தான காரியம் என்று சினிமாவும் செய்தியும் நம்மைப் பழக்கி வைத்திருக்கின்றன. ஆனால் அப்படி எழுதினால் கதையே தலைகீழாகிவிடும். அன்று துருக்கியை ஆண்ட ஒட்டோமான் அரசு ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டு, தன் படையைத் திருத்தி அமைக்க வரவழைத்த அதிகாரிகள், படையெடுத்து வந்தவர்களாக மாறிவிடுவார்கள்.

மிலிட்டரி மிஷன் என்பது ஒரு நாட்டு அரசு இன்னொரு நாட்டுக்கு அனுப்பிவைக்கும் ராணுவ அதிகாரிகளின் குழு. சண்டை போடுவது அதன் வேலை இல்லை. வந்த நாட்டின் படையை எப்படிப் பிரிப்பது, யாருக்கு எந்தப் பயிற்சி தருவது, தலைமையகத்தில் யார் எதற்குப் பொறுப்பு, ஆயுதக் கிடங்கை எப்படி நடத்துவது என்று சொல்லிக்கொடுப்பதுதான் வேலை. வருடக்கணக்கில் தங்குவார்கள். சம்பளத்தைப் பெரும்பாலும் அழைத்த நாடுதான் கொடுக்கும்.

சொல்லின் வேர் லத்தீன். ‘மிட்டெரே’ என்றால் அனுப்புதல். அதிலிருந்து வந்த ‘மிஸ்ஸியோ’ என்றால் அனுப்பீடு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ரோமானியப் படையில் ‘மிஸ்ஸியோ’ என்றால் ஒருவரைப் பணியிலிருந்து விடுவித்து வீட்டுக்கு அனுப்புவது. முழுக்காலமும் ஒழுங்காகப் பணியாற்றியவருக்குக் கிடைப்பது ‘ஹொனெஸ்டா மிஸ்ஸியோ’, அதாவது மரியாதையான விடுவிப்பு. படையைவிட்டுப் போவதைக் குறித்த சொல், பல நூற்றாண்டு கழித்து, படையைக் கட்டிக்கொடுக்க வருபவர்களைக் குறிக்கிறது. நடுவில் 16ஆம் நூற்றாண்டில் இயேசு சபைத் துறவிகள் இதை மதப்பணிக்கு எடுத்துக்கொண்டார்கள். தமிழில் மிஷன் பள்ளி, மிஷன் ஆஸ்பத்திரி என்று நாம் முதலில் அறிந்தது அந்தப் பொருளைத்தான்.

சரி, அனுப்புதல்தானே வேர், தமிழில் ‘ஏவு’ இருக்கிறதே என்று தோன்றலாம். மிஸைல் என்பதும் அதே லத்தீன் வேரில் பிறந்ததுதான், அதற்கு ஏவுகணை என்று அழகாகச் சொல் அமைத்துவிட்டோம். ஆனால் ‘ஏவற்குழு’ என்று எழுதிப் பாருங்கள், பில்லி சூனியக்காரர்கள் கும்பலாக வந்த மாதிரி இருக்கும். ‘தூதுக்குழு’ பரவாயில்லை, சில நூல்களில் பார்த்திருக்கிறேன். எனக்கு அது ஒப்பவில்லை. தூது போகிறவர் சேதி சொல்லிவிட்டு, பதில் வாங்கிக்கொண்டு திரும்புவார். இவர்களோ தங்கி, பாடம் நடத்தி, அணிவகுப்பு மைதானத்தில் வெயிலில் நிற்பவர்கள்.

அனுப்பப்பட்டதை விட்டுவிட்டு, செய்யும் வேலையைப் பிடித்துக்கொண்டால் வழி திறக்கிறது. அவர்கள் ஆலோசகர்கள். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. ஆங்கில ‘அட்வைஸ்’ பிரெஞ்சு வழியாகப் பின்னோக்கிப் போனால், பார்த்தல் என்று பொருள்படும் லத்தீன் வேரில் போய் நிற்கும். நம் ‘ஆலோசனை’ வடமொழிச் சொல். ‘லோசனம்’ என்றால் கண். தமிழிலேயே இருந்த பழைய சொல் ‘சூழ்தல்’, அதாவது கலந்து எண்ணுதல். அரசனின் ஆலோசகர்களைக் குறள் ‘சூழ்வார்’ என்கிறது, அவர்களைக் கண்ணாகக் கொண்டுதான் அரசன் நடக்கிறான் என்கிறது. மூன்று மொழிகளும் ஆலோசகரைக் கண்ணோடு சேர்த்தே நினைத்திருக்கின்றன. கையோடு இல்லை. சூழ்ச்சி என்ற சொல் இன்று சதி என்ற பொருளுக்குச் சரிந்துவிட்டதால் ‘படைச் சூழ்வார்’ என்று இனி எழுத முடியாது என்பது தனிச் சோகம்.

இந்தச் சொல்லைச் சுற்றி நடந்த சண்டைகள் எல்லாமே கண் எங்கே முடிகிறது, கை எங்கே தொடங்குகிறது, அதாவது பார்த்துச் சொல்வது எங்கே முடிந்து தானே கட்டளையிடுவது எங்கே தொடங்குகிறது என்பதைப் பற்றித்தான்.

1839இல் எகிப்தியப் படையோடு நடந்த நிசிப் போரில் ஒட்டோமான் தளபதி ஹாஃபிஸ் பாஷாவுடன் இருந்தவர் மோல்ட்கே. பிரஷ்யா என்ற ஜெர்மானிய அரசின் இளம் அதிகாரி. இடம் சரியில்லை, பிரேஜிக் அரண்நிலைக்குப் பின்வாங்குங்கள் என்று சொன்னார். பாஷா கேட்கவில்லை, தோற்றார். படையை எங்கே நிறுத்துவது என்ற முடிவு மோல்ட்கே கையில் இல்லை. பார்த்ததைச் சொல்லத்தான் அவரால் முடிந்தது. சொல்லின் சரியான பொருளில் ஆலோசகர் என்றால் இவர்தான்.

இப்போது 1913க்கு வருவோம். அந்த ஜெர்மன் குழுவின் தலைவர் லிமான் ஃபான் சாண்டர்ஸ். ஆலோசனை சொல்வதோடு நிற்காமல், இஸ்தான்புல்லில் இருந்த முதல் கோர் என்ற பெரிய படைப்பிரிவின் தளபதி பதவியும் அவருக்குக் கொடுக்கப்பட்டது. ரஷ்யா கொதித்துப்போனது. அதன் கருங்கடல் வணிகம் போகும் நீரிணைக்குப் பக்கத்தில், ஒரு ஜெர்மன் தளபதியின் கட்டளையில் துருக்கியப் படை நின்றால் எப்படிப் பொறுக்கும்? ஐரோப்பியத் தலைநகரங்கள் பரபரத்தன. முடிவில் கண்டுபிடித்த வழி இருக்கிறதே, எந்த அலுவலகத்திலும் நடக்கக்கூடியது: பதவி உயர்வு. 1914 ஜனவரியில் அவருக்குத் துருக்கிய மார்ஷல் தகுதி வந்தது. மார்ஷல் ஒருவர் ஒரு கோருக்குத் தலைமை தாங்குவது தகுதிக்குக் குறைவு அல்லவா, ஆகவே கோர் கைவிட்டுப் போனது, அவர் படையின் தலைமை ஆய்வாளர் ஆனார். கையை எடுத்துக் கண்ணாக்கினார்கள். போர் வந்ததும் அது மீண்டும் கையானது. 1915இல் கலிபோலியைக் காத்த துருக்கியப் படைக்கு அவர்தான் தளபதி.

ஜப்பானில் நடந்தது இன்னொரு விதம். 1867இல், அன்று ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகுனின் படைக்குப் பயிற்சி தர பிரெஞ்சு மிஷன் வந்தது. மறுவருடமே ஷோகுன் ஆட்சி கவிழ்ந்தது. மிஷனைக் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். அதில் ஒருவரான ஜூல் புருனே கிளம்பவில்லை. தான் பயிற்றுவித்த ஆட்களோடு வடக்கே ஹகோடாதே என்ற துறைமுக நகருக்குப் போய்ப் புதிய அரசை எதிர்த்து நின்றார். அந்தக் கணத்தோடு அவர் மிஷனில் இல்லை, கிளர்ச்சியில் இருந்தார். பிறகு 1885இல் பிரஷ்யாவிலிருந்து வந்த மேஜர் மெக்கல் அப்படி எதுவும் செய்யவில்லை. படைக் கல்லூரியில் பாடம் நடத்தினார், யோசனை சொன்னார், 1888இல் ஊர் திரும்பினார். உள்நாட்டுக் காவலுக்கென்று அங்கங்கே நிறுத்தியிருந்த படைகளை, வெளியே நகர்ந்து போரிடக்கூடிய டிவிஷன்களாக ஜப்பான் அதே ஆண்டு மாற்றி அமைத்தது.

சொல்லைச் சட்டமே பிடித்துக்கொண்ட சம்பவமும் உண்டு. 1919 வெர்சாய் ஒப்பந்தத்தின் 179ஆம் பிரிவு, ஜெர்மனி எந்த வெளிநாட்டுக்கும் தரைப்படை, கடற்படை, விமானப்படை ‘மிஷன்’ எதையும் அனுப்பக் கூடாது என்றது. தோற்ற நாட்டின் பீரங்கிக்கும் கப்பலுக்கும் தடை போட்டவர்கள் அதன் வாத்தியார்களுக்கும் தடை போட்டார்கள் என்றால், வாத்தியார்களின் மதிப்பு அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அப்புறம் 1920களின் கடைசியில் சியாங் கை ஷேக்கின் சீனப் படைக்கு ஆலோசனை சொல்ல மாக்ஸ் பௌவர் போனார். அவருக்குப் பின் 1930களில் ஃபான் சீக்ட், ஃபால்கன்ஹவுசன் போன்ற தளபதிகளும் போனார்கள். முதலில் போனவர்கள் எல்லாரும் ஓய்வுபெற்ற தனிநபர்கள் என்ற கணக்கில். மிஷன் என்ற பெயர் இல்லை, வேலை அதேதான். 1938இல் ஹிட்லர் திரும்ப அழைத்ததும் குழு கிளம்பியது. ‘தனிநபர்கள்’ யாருடைய ஆட்கள் என்பது அப்போது தெரிந்தது.

அனுப்பியவர் யார் என்பது இந்தச் சொல்லுக்கு அத்தனை முக்கியம். 1741இல் குளச்சலில் டச்சுப் படையைத் திருவிதாங்கூர் தோற்கடித்தபோது பிடிபட்ட டி லனோய், பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படையைப் புதிதாகப் பயிற்றுவித்தார். ‘வலிய கப்பித்தான்’ என்று பெயர் வாங்கி, 1777இல் இறந்து, உதயகிரிக் கோட்டையிலேயே அடக்கமானார். கல்லறை எழுத்து லத்தீனிலும் தமிழிலும் இருக்கிறது. செய்த வேலை மிஷன் வேலைதான். ஆனால் அவரை யாரும் அனுப்பவில்லை, பிடித்தார்கள். அவரைப் படை ஆலோசகர் என்று சொல்லலாம், மிஷன் என்று சொல்ல முடியாது.

ஆக, என் தேர்வு: குழுவுக்கு ‘படை ஆலோசனைக் குழு’, ஆளுக்குப் ‘படை ஆலோசகர்’. வடமொழி வேண்டாம் என்பவர்களுக்கு ஈழத் தமிழில் நன்றாகப் பழகிய ‘மதியுரைஞர்’ இருக்கிறது, ‘படை மதியுரைஞர்’ காதுக்கும் நன்றாக இருக்கிறது. வெறுமே பயிற்சி மட்டும் தருபவர் ‘படைப் பயிற்றுநர்’. ‘பாதுகாப்பு ஆலோசகர்’ என்று எழுதும்போது மட்டும் கவனம் தேவை. காமன்வெல்த் நாடுகளின் ஹைகமிஷன்களில் அந்தப் பதவிப் பெயரோடு இருப்பவர் தன் நாட்டுத் தூதருக்கு ஆலோசனை சொல்பவர், அந்த ஊர்ப் படைக்கு அல்ல. கூலிப்படையினரை இதில் சேர்க்கவே கூடாது.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது, அதற்கு என்னிடம் சொல் இல்லை. தென் வியட்நாமில் 1960இல் சுமார் 900 அமெரிக்க ஆலோசகர்கள் இருந்தார்கள். 1963 முடிவில் 16,000க்கு மேல். அமெரிக்க விமானிகள் குண்டுபோடப் பறந்தபோது, கூடவே ஒரு வியட்நாமியர் விமானத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது விதி. அவர் இருந்தால் அது பயிற்சி. ஓட்டிய அமெரிக்கர், ஆவணத்தில், ஆலோசகர்.