ஸ்வெட்டர் சரி, ட்வீசர் இருக்கிறதா?

ஸ்காட்லாந்துக்கு முதல் தடவை வரும் நம்மவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் குளிரைப் பற்றித்தான். எத்தனை ஸ்வெட்டர், தெர்மல் வேண்டுமா, அம்மாவுக்குக் குரங்குக் குல்லா போதுமா. லண்டனிலோ பர்மிங்ஹாமிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் கோடையில் ஊரிலிருந்து பெற்றோரை வரவழைத்து, வாடகைக் கார் எடுத்து, க்ளென்கோ, ஃபோர்ட் வில்லியம், ஸ்கை தீவு என்று ஒரு வாரம் சுற்றிக் காட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஸ்காட்லாந்தின் வடக்கு மலைப்பகுதியான ஹைலேண்ட்ஸில் குடும்ப மருத்துவராக இருக்கும் எனக்கு அந்தப் பயணத்தின் நடுவில்தான் அவர்களோடு அறிமுகம். குளிர் தாங்கவில்லை என்று வந்தவர்கள் அவர்களில் குறைவு. மாத்திரை தீர்ந்துபோனவர்கள், ஈரக் காலணியில் கால் புண்ணானவர்கள், பூச்சிக்கடியில் முகம் வீங்கியவர்கள் வருவார்கள். உண்ணி கடித்ததே தெரியாமல் ஊருக்குத் திரும்பி, அங்கிருந்து வாட்ஸப்பில் படம் அனுப்பிக் கேட்பவர்களும் உண்டு. இந்தக் கட்டுரை முக்கியமாக அவர்களுக்காக.

முதலில் பெட்டி கட்டும்போதே முடிக்க வேண்டியவை. விசிட்டர் விசாவில் வரும் பெற்றோருக்குப் பயணக் காப்பீடு எடுங்கள். இங்கே அவசரப் பிரிவில் காட்டுவதற்குக் கட்டணம் கிடையாது. ஆனால் வார்டில் சேர்த்துவிட்டால் வெளிநாட்டுப் பயணிக்கு பில் வரும். சர்க்கரை, பிரஷர் இருப்பதைக் காப்பீட்டுப் படிவத்தில் மறைக்காதீர்கள். பிரீமியம் கொஞ்சம் குறையும் என்று மறைத்துவிட்டு, நெஞ்சுவலி வந்த பிறகு காப்பீட்டு நிறுவனத்தோடு போனில் மல்லுக்கட்டும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மாத்திரைகளைத் தேவைக்கு ஒரு வாரம் கூடுதலாகக் கைப்பையில் வையுங்கள். இன்சுலினை செக்-இன் பெட்டியில் போடவே கூடாது, உறைந்துபோகலாம். மருந்துச் சீட்டில் வணிகப் பெயர் மட்டும் இருந்தால் இங்கே யாருக்கும் புரியாது. மூலப்பெயரையும் அளவையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியாவில் கிடைக்கும் கூட்டு மாத்திரைகள் பல இங்கே அதே வடிவில் கிடையாது.

தூரத்தையும் மனதில் வையுங்கள். ஸ்கை தீவின் போர்ட்ரீயிலிருந்து இன்வெர்னஸின் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சுமார் 180 கிலோமீட்டர். தீவிலேயே சின்ன ஆஸ்பத்திரி உண்டு, ஆனால் எல்லாவற்றையும் அங்கே பார்த்துவிட முடியாது. அவசரமில்லாத சந்தேகங்களுக்கு 111, உயிர் போகிற அவசரத்துக்கு 999. மலையில் மாட்டிக்கொண்டால் 999-ஐ அழைத்து முதலில் போலீஸ், அப்புறம் மலை மீட்புக் குழு என்று கேட்க வேண்டும்.

சரி, உடை. ஆளைச் சாய்ப்பது வெறும் குளிர் அல்ல, ஈரமும் காற்றும் சேர்ந்த குளிர். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் நனைந்தால் காயவே காயாது. உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கனமான ஒரு ஸ்வெட்டருக்குப் பதில், மெல்லியதாக இரண்டு மூன்று அடுக்கும் மேலே நல்ல மழைக்கோட்டும் போதும். இங்குள்ள பென் நெவிஸ் மலை 1345 மீட்டர் உயரம். அடிவாரத்தில் 15 டிகிரி இருக்கிறது என்று டி-சர்ட்டோடு ஏறினால், உச்சியில் ஆறேழு டிகிரிதான் இருக்கும், காற்றைக் கணக்கில் எடுக்காமலே. குடை கொண்டுவராதீர்கள். ஹைலேண்ட்ஸ் காற்றில் அது பத்து நிமிடம் தாங்கினால் அதிசயம்.

சர்க்கரை நோயாளிகளின் கால் தனி விஷயம். ஊரில் வருடம் முழுக்கச் செருப்பில் நடந்த கால், புது பூட்டுக்குள் நாள் முழுக்க ஈரமாக இருந்தால் கொப்புளம் வரும். உணர்ச்சி குறைந்த காலில் அது வலிக்காது. பூட்டைக் கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே வாங்கிப் போட்டுப் பழகுங்கள். இரண்டு ஜோடி சாக்ஸ் கூடுதலாகக் காரில் இருக்கட்டும். இரவில் விரல் இடுக்குவரை பாருங்கள்.

சாலையைப் பற்றிச் சுருக்கமாக: இடதுபக்கம் ஓட்டுவது நமக்குப் பழக்கம்தான், ஆனால் ஒற்றை வண்டி மட்டும் போகிற சாலைகள் புதிது. எதிரே வண்டி வந்தால் ஒதுங்குவதற்கு ஆங்காங்கே இடம் விட்டிருப்பார்கள். போட்டோ எடுக்க அங்கே காரை நிறுத்தாதீர்கள், ஆம்புலன்ஸும் அந்த வழியாகத்தான் வர வேண்டும். மது விஷயத்தில் ஸ்காட்லாந்தின் வரம்பு இங்கிலாந்தைவிடக் கடுமை. 2014 டிசம்பரிலிருந்து 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம். விஸ்கி ஆலையைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் யார் ஓட்டுவது என்று காலையிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

தண்ணீரைப் பற்றி மட்டும் மிரட்டுகிற தொனியில்தான் சொல்வேன். வெயில் அடிக்கும், ஏரி கண்ணாடி மாதிரி இருக்கும், குற்றால நினைப்பில் இறங்கத் தோன்றும். நடுக்கோடையிலும் இங்குள்ள ஏரிகளும் அருவித் தடாகங்களும் பல இடங்களில் 15 டிகிரிக்குக் கீழேதான். அந்தக் குளிரில் திடீரென்று விழுந்தால் முதல் நிமிடத்தில் மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது. விருட்டென்று உள்ளிழுக்கும்போது தண்ணீர் உள்ளே போய்விடும். நீச்சல் தெரிந்தவர்களும் இப்படித்தான் போகிறார்கள். 2024 ஏப்ரலில் பிட்லாக்ரிக்குப் பக்கத்தில் லின் ஆஃப் டம்மெல் அருவியில் இறந்துபோன இரண்டு இளைஞர்களும் இந்தியாவிலிருந்து படிக்க வந்தவர்கள். வழுக்குப் பாறையில் செல்ஃபிக்காக விளிம்புவரை போகாதீர்கள். தவறி விழுந்துவிட்டால் உடனே கையைக் காலை அடித்து நீந்தப் பார்க்காமல், மல்லாந்து மிதந்து மூச்சு நிதானப்பட விடுங்கள். அப்புறம் கரையைப் பாருங்கள்.

இனி பூச்சிகள். மிட்ஜ் என்ற ஒன்று இருக்கிறது, கொசுவைவிட ரொம்பச் சின்னது. தனியாக வராது, படையாக வரும். மே முதல் செப்டம்பர் வரை, அதிலும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட்டில் மேற்குக் கரையோரம் அதன் ராஜ்ஜியம்தான். காற்றில்லாத, மேகம் மூடிய, ஈரமான காலையும் மாலையும் அதற்குப் பிடிக்கும். மணிக்கு 11 கிலோமீட்டர் காற்று அடித்தாலே அதனால் பறக்க முடியாது. அதனால் சாப்பாட்டு மூட்டையைப் பிரிக்கக் காற்று வருகிற மேடாகப் பாருங்கள். முகத்துக்கு வலைத்தொப்பி சில பவுண்டுக்கு எல்லா ஊரிலும் கிடைக்கும். போட்டால் பார்க்க வேடிக்கையாக இருக்கும், போடாதவர்கள்தான் பிறகு வருந்துவார்கள். இகாரிடின் அல்லது டீட் கலந்த பூச்சிவிரட்டி தடவுங்கள். கடித்தால் அரிக்கும், வீங்கும், செடிரிசின் என்ற அலர்ஜி மாத்திரை போட்டால் அடங்கும். இங்குள்ள மிட்ஜ் நமக்கு நோய் எதையும் பரப்புவதில்லை. அது செய்கிற ஒரே பெரிய கெடுதல், எல்லோருடைய கவனத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொள்வது. ஏனென்றால் உண்மையில் கவனிக்க வேண்டிய பூச்சி பறக்காது, குதிக்காது, கடிக்கும்போது வலிக்கவும் செய்யாது.

ஊரில் மாட்டின் காதோரம் வயிறு புடைத்துத் தொங்கும் உண்ணியைப் பார்த்திருப்பீர்கள். அதை மனதில் வைத்துத் தேடினால் இங்குள்ளதைத் தவறவிடுவீர்கள். மனிதர்களை அதிகம் கடிப்பது உண்ணியின் குட்டிப் பருவம், ஒரு கசகசா அளவுதான். புல் நுனியிலும் பெரணிச் செடியிலும் முன்னங்காலை நீட்டிக்கொண்டு காத்திருக்கும். மானோ ஆடோ மனிதனோ உரசிப் போனால் ஏறிக்கொள்ளும். க்ளென்ஃபின்னன் ரயில் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 21 வளைவுகள் கொண்ட அந்தப் பாலத்தில் நீராவி ரயில் வருவதைப் படம் எடுக்கக் கோடையில் நூற்றுக்கணக்கானவர்கள் மலைச்சரிவில் இடம்பிடித்து நிற்பார்கள். நல்ல கோணம் வேண்டும் என்று பாதையை விட்டுப் பெரணிக்குள் இறங்கி நிற்கும் அரைமணி நேரம் உண்ணிக்கு அருமையான வாய்ப்பு. பேன்ட்டை சாக்ஸுக்குள் சொருகிக்கொள்ளுங்கள், வெளிர்நிற உடை போடுங்கள், பாதையிலேயே நில்லுங்கள். சேலை, வேட்டி, ஷார்ட்ஸ் எல்லாம் ஊர்ப்பக்கம் நடக்கச் சரி, புல்லுக்குள் வேண்டாம்.

தினமும் இரவு உடம்பைத் தேடிப் பார்ப்பதுதான் முக்கியமான வேலை. முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு, அக்குள், இடுப்பில் உடை இறுகும் இடம், குழந்தைகளுக்குக் காதுக்குப் பின்னாலும் தலைமுடி ஓரமும். வயதான அம்மாக்கள் இதற்கு லேசில் சம்மதிக்க மாட்டார்கள். மகளோ மருமகளோ குளிக்கும் நேரத்தில் பக்குவமாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். மச்சம் என்று நினைத்ததற்குக் கால் இருந்தால் அது உண்ணி.

கண்டுபிடித்தால் மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, தேங்காய் எண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம். எரிச்சலடைந்த உண்ணி வயிற்றில் இருப்பதைக் கடிவாயில் கக்கிவிடலாம். கூர்முனை ட்வீசரால் தோலை ஒட்டிய இடத்தில், உண்ணியின் தலைப்பக்கமாகப் பிடித்து, உடம்பை நசுக்காமல், மெதுவாக நேராக மேலே இழுங்கள். புருவம் திருத்தும் தட்டை ட்வீசர் உடம்பை நசுக்கிவிடும். உண்ணி எடுப்பதற்கென்றே பிளாஸ்டிக் கொக்கி இங்குள்ள மருந்துக்கடைகளில் கிடைக்கிறது, வாங்கிப் பர்ஸில் போட்டுக்கொள்ளுங்கள். எடுத்தபின் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். வாய்ப்பகுதி துளி உள்ளே நின்றுவிட்டாலும் பதற வேண்டாம்.

உண்ணிக் கடியால் பரவும் பாக்டீரியா நோய் லைம். இந்த உண்ணிகளில் சிறு பங்குதான் அந்தக் கிருமியைச் சுமக்கிறது. சீக்கிரம் எடுத்துவிட்டால் அபாயம் இன்னும் குறைவு. ஒரு நாளைத் தாண்ட விட்டால் கூடும். மொத்தத்தில் அபாயம் சிறிதுதான் என்பதால், கடித்த உடனே ஆன்டிபயாட்டிக் கொடுப்பது இங்கே வழக்கமில்லை. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கைப்பையில் இருக்கும் அஸித்ரோமைசினை மூன்று நாள் விழுங்குவதும் வேண்டாம். தேதியையும் இடத்தையும் போனில் குறித்துவைத்துக் காத்திருப்பதுதான் சிகிச்சை.

எதற்குக் காத்திருப்பது? பெரும்பாலும் ஒன்றிலிருந்து நான்கு வாரத்துக்குள், சிலருக்கு மூன்று மாதம் வரைகூடத் தாமதமாக, கடித்த இடத்தில் ஒரு தடம் தோன்றி நாளுக்கு நாள் விரியும். பொதுவாக அரிக்காது, வலிக்காது. கடித்த ஓரிரு நாளில் வந்து அரிக்கும் சின்னத் தடிப்பு வேறு, அது வெறும் கடிக் காயம். நம் ஆட்களுக்கு வருகிற சிக்கல் என்னவென்றால், புத்தகத்திலும் கூகிளிலும் இருக்கும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை: ரோஜா நிறத்தில், நடுவில் வெளுத்த அழகான வளையம். மாநிறத்திலும் கறுத்த தோலிலும் அப்படி வர வேண்டும் என்று கட்டாயமில்லை. அடிபட்டுக் கன்றியது போல, கரும்பழுப்பாகவோ ஊதாவாகவோ, ஓரம் தெளிவில்லாமல் இருக்கலாம். வளையமே இல்லாமலும் இருக்கலாம். ‘எங்கேயோ இடித்துக்கொண்டேன் போல’ என்று விட்டுவிடுவார்கள், படர்தாமரைக் களிம்பு தடவுவார்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுப் படம் எடுங்கள். இரண்டு நாளில் கோட்டைத் தாண்டியிருந்தால் அது விரிகிறது. அந்தத் தடம் லைம்தான் என்று மருத்துவருக்குத் தெரிந்தால் ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, ஆரம்பத்தில் அது நெகட்டிவ் என்றும் வரும். பெரியவர்களுக்கு வழக்கமான சிகிச்சை டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக், 21 நாள். கர்ப்பிணிகளுக்கு வேறு மருந்து.

தடமே வராதவர்களும் உண்டு. காய்ச்சல், அசதி, சில வாரமோ மாதமோ கழித்து முழங்கால் வீக்கம், ஒருபக்க முகவாதம் என்று ஆரம்பிக்கலாம். அதற்குள் அப்பாவும் அம்மாவும் மதுரைக்கோ தஞ்சாவூருக்கோ போய்ச் சேர்ந்திருப்பார்கள். அங்கே காய்ச்சல் என்றால் டெங்கு, டைபாய்டு, ஸ்க்ரப் டைபஸ் என்று மருத்துவர் யோசிப்பார். யோசிக்கத்தான் வேண்டும், அவர் ஊரில் இருப்பவை அவைதான். ஸ்க்ரப் டைபஸுக்கும் இதே டாக்ஸிசைக்ளின்தான், ஆனால் கொடுப்பது ஒரு வாரம்போல. காய்ச்சல் விட்டதும் எல்லோரும் மறந்துவிடுவார்கள், லைமுக்கு வேண்டிய மீதி இரண்டு வாரம் போய்விடும். இங்கே ஹைலேண்ட்ஸில் முகம் கோணி ஒருவர் வந்தால், உண்ணி கடித்ததா என்று கேட்காமல் விட மாட்டோம். ஸ்காட்லாந்தின் லைம் ஆய்வகமே இன்வெர்னஸ் ராய்க்மோர் மருத்துவமனையில்தான் இருக்கிறது. தஞ்சாவூர் மருத்துவருக்கு அந்தக் கேள்வி தானாகத் தோன்றாது, அவர்மேல் குறை சொல்ல முடியாது.

அதனால் பெற்றோரை விமானம் ஏற்றும்போது, எந்தத் தேதியில் எங்கெல்லாம் நடந்தார்கள், எங்கே உண்ணி எடுத்தீர்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதி மாத்திரைப் பையிலேயே வைத்துவிடுங்கள். மூன்று மாதத்துக்குள் காய்ச்சலோ விரியும் தடமோ வந்தால், டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் அந்தக் காகிதத்தைத்தான் முதலில் நீட்ட வேண்டும். முகம் கோணினாலோ மூட்டு வீங்கினாலோ, மூன்று மாதம் தாண்டியிருந்தாலும் அதைக் காட்டுங்கள்.