துண்டுத் துணியை எறியாதீர்கள், பிரிக்காமல் தைக்கவும் செய்யாதீர்கள்

தீபாவளி முடிந்த மறுவாரம் என் கடையின் பின்பக்கம் வந்து பார்த்தால் மூட்டை மூட்டையாகத் துண்டுத் துணி கிடக்கும். ரவிக்கைக்கு அக்குள் வெட்டியது, கழுத்து வெட்டியது, பாவாடை விளிம்பில் மிஞ்சியது, ஜிப்பாவின் கை நீளத்தைக் குறைத்தது, மலாய்ப் பெண்கள் உடுத்துகிற பாஜு கூரோங் தைத்ததில் நின்றுபோன பூப்போட்ட ஓரம் என்று இரண்டு மாத வேலையின் மிச்சம் அத்தனையும் அதில் இருக்கும். சரியாக அந்த நேரத்தில்தான் இங்கே கேமரன் மலையில், ரிங்லெட்டில் மழையும் மூடுபனியும் பிடித்துக்கொள்ளும்.

மலேசியாவில் ஏது குளிர்காலம் என்று கிள்ளானில் இருக்கும் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். கேமரன் மலைக்கு வந்து ஓர் இரவு தங்கி, ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு இறங்கிப் போகிறவர்களுக்கு இந்தக் குளிர் சுகமாகத்தான் இருக்கும். வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற டிசம்பர், ஜனவரியில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில், தகரக் கூரைக்குக் கீழே படுத்துப் பார்க்க வேண்டும். ராத்திரியில் 16, 17 டிகிரிக்கு இறங்கிவிடும், காலையில் சுவரே ஈரமாக இருக்கும். அந்தக் குளிருக்குத்தான் எங்கள் பாட்டிமார் பழைய சேலையையும் கைலியையும் கோதுமை மாவுச் சாக்கையும் ஒட்டுப் போட்டுப் போர்வை தைத்தார்கள். மலாய்க்காரர்கள் துண்டுத் துணியைக் காயின் பெர்ச்சா என்பார்கள், அதில் தைத்த போர்வையை நாங்கள் ஒட்டுப்போர்வை என்போம்.

இப்போது அந்தப் பழக்கம் திரும்பி வந்திருக்கிறது, எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம். ஆனால் போன வருஷம் மட்டும் மூன்று போர்வைகள் என் கடைக்குப் பழுது பார்க்க வந்தன, மூன்றிலும் ஒரே கோளாறு. அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அதில் ஒன்றைச் சொல்கிறேன். கொழுந்து பறிக்கிற ஓர் அக்கா, வேலை முடிந்து வந்து இரவில் இரண்டு மாதம் உட்கார்ந்து தைத்தது. சிவப்புச் சுங்குடி, மகளின் பள்ளிக்கூடப் பினஃபோரில் வெட்டிய கருநீலத் துண்டு, தன் கல்யாணப் பட்டின் முந்தானை, ஜார்ஜெட் துப்பட்டா, எல்லாம் கலந்து கட்டம் கட்டமாக அவ்வளவு அழகாக இருந்ததாம். இரண்டாம் தடவை துவைத்ததும் பருத்தித் துண்டுகள் சுருங்கிவிட்டன. பினஃபோர் துணி பாலியஸ்டர், அது சுருங்காது, அதனால் அந்தக் கட்டங்கள் மட்டும் அப்பளம் பொரிந்த மாதிரி உப்பிக்கொண்டு நின்றன. பட்டு, சரிகை ஓடுகிற கோட்டோடு கோடாகக் கிழிந்திருந்தது. ஜார்ஜெட்டின் ஓரம் பிரிந்து தையலை விட்டே வெளியே வந்துவிட்டது. சுங்குடியின் சிவப்பு பக்கத்து வெள்ளையில் இறங்கி, அதை ரோஸாக்கிவிட்டது. அக்கா அதை மேசைமேல் விரித்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். நடுவில் இருந்த பருத்திக் கட்டங்களை மட்டும் பிரித்து எடுத்து ஒரு சின்னப் போர்வையாக என்னால் திருப்பித் தர முடிந்தது. அந்தப் பட்டுத் துண்டுகளைக் காப்பாற்ற முடியவில்லை.

அவர் தையலில் தப்பே இல்லை, தையல் நேராக இருந்தது. தப்பு தைக்கிறதுக்கு முன்னால் நடந்தது: துணியைப் பிரிக்கவில்லை. நிறம் பார்த்துச் சேர்த்திருக்கிறாரே தவிர நூல் என்ன நூல் என்று பார்க்கவில்லை. நான் 22 வருஷமாகத் தைக்கிறேன், ஆரம்பத்தில் நானும் இதையே செய்திருக்கிறேன். அம்மாவுக்கு என்று சீருடைத் துணி மிச்சத்திலேயே முழுப் போர்வை தைத்துக் கொடுத்தேன். பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது என்பதை நான் அப்போது யோசிக்கவே இல்லை. போர்த்திய கொஞ்ச நேரத்தில் அம்மாவுக்கு வியர்க்கும், அந்த ஈரம் உள்ளேயே நிற்கும், விடியற்காலையில் அந்த ஈரமே குளிரும். ஒரு வாரம் போர்த்திப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டார்.

சரி, எது என்ன நூல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கையால் தடவிப் பார்த்தால் தெரியும் என்பார்கள், இப்போது வருகிற கலப்புத் துணிகளில் எனக்கே சில சமயம் தெரிவதில்லை. அதனால் நெருப்பு வைத்துப் பார்க்கிறேன். துணியின் ஓரத்திலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு நாலைந்து இழை உருவி, இடுக்கியில் பிடித்து, கீழே ஒரு எவர்சில்வர் தட்டில் தண்ணீர் வைத்துக்கொண்டு மெழுகுவர்த்தியில் காட்டுங்கள். பருத்தி என்றால் சட்டென்று பற்றி, காகிதம் எரிகிற வாசனையோடு எரியும், மிஞ்சுகிற சாம்பல் விபூதி மாதிரி விரலில் பொடியும். பட்டு தயங்கித் தயங்கி எரியும், முடி கருகுகிற நாற்றம் வரும். பாலியஸ்டர் நெருப்பைக் கண்டதும் சுருங்கிப் பின்வாங்கி, உருகிச் சொட்டி, கடைசியில் கறுப்பாக ஒரு கெட்டியான மணி நிற்கும், ஆறின பிறகு நசுக்கினால் நசுங்காது. காகித வாசனையும் வந்து மணியும் நின்றால் அது கலப்பு. குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்தப் புகையைக் கிட்ட வைத்து முகராதீர்கள்.

இப்படிப் பார்த்து மூன்று பை வைத்துக்கொள்ளுங்கள். பருத்தி ஒரு பை, பாலியஸ்டரும் கலப்பும் ஒரு பை, பட்டு, சரிகை, ஜார்ஜெட், இழுத்தால் நீள்கிற டீ-சட்டைத் துணி எல்லாம் மூன்றாவது பை. போர்வைக்குப் போக வேண்டியது முதல் பை மட்டும்தான். கல்யாணப் பட்டைப் போர்வையில் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தால் புரிகிறது, ஆனால் அதைத் துவைக்காத ஒரு பொருளில், அழகுக்கு வைக்கிற திண்டு உறை முகப்பிலோ சாமி படத்துக்குக் கீழே விரிக்கிற துணியிலோ வையுங்கள். சரிகை கன்னத்தில் உரசுகிற இடத்தில் வேண்டவே வேண்டாம்.

முதல் பையில் இருப்பதையும் அப்படியே தைத்துவிடக் கூடாது. தைத்த பிறகு சுருங்க வேண்டியது தைப்பதற்கு முன்னாலேயே சுருங்கிவிட வேண்டும், அதனால் எல்லாத் துண்டையும் ஒரு வலைப்பையில் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் துவைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். சிவப்பு, கருநீலம், கறுப்பு, பாத்திக் இவற்றைத் தனித்தனியாக ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீரோடு ஒரு வெள்ளைத் துணித் துண்டும் போட்டு அரை மணி நேரம் ஊறவைத்துப் பாருங்கள். வெள்ளைத் துண்டில் நிறம் ஏறினால் மறுபடி அலசி மறுபடி பாருங்கள். மூன்று தடவைக்கு மேலும் சாயம் விடுகிற துணியை நான் எடுப்பதில்லை, எத்தனை அழகாக இருந்தாலும் சரி.

வெட்டுகிறபோது ஒரு விஷயம். ரவிக்கையின் அக்குளில் வெட்டின துண்டு பெரும்பாலும் வளைவாக இருக்கும், அதன் ஓரம் கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக, விழுந்திருக்கும், இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும். அந்த ஓரத்தை அப்படியே வைத்துத் தைத்தால் கட்டம் சதுரமாக நிற்காது. பாவு, அதாவது துணியின் நீளவாட்டு இழை, ஓடுகிற திசை எது என்று பார்த்து, அதற்கு நேராக அளவு அட்டையை வைத்து வெட்டுங்கள். வீட்டுக்கு முதல் தடவை தைக்கிறவர்களுக்கு நான் சொல்கிற கணக்கு, ஆறரை அங்குலச் சதுரம். நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் ஆறு அங்குலம் நிற்கும். அகலத்துக்கு 10, நீளத்துக்கு 13 வைத்தால் 130 சதுரம், 60க்கு 78 அங்குலப் போர்வை கிடைக்கும், ஓராள் தாராளமாகப் போர்த்திக்கொள்ளலாம். கால் அங்குலத்துக்குக் குறைவாகத் தையலைப் பிடிக்காதீர்கள். துணி மிச்சம் பிடிக்கிறேன் என்று ஓரத்தோடு ஓரமாகத் தைத்ததெல்லாம் துவைக்கிறபோது பிரிந்துதான் வந்திருக்கிறது.

நிறம் சேர்ப்பதில் எனக்கு உதவுகிறது கைப்பேசிதான். சதுரங்களைத் தரையில் அடுக்கிவிட்டு ஒரு படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். எது அடர்த்தி, எது வெளிர் என்று உடனே தெரியும், ஒரே பக்கம் அடர்த்தியாகக் குவிந்திருந்தால் அங்கேயே மாற்றி வைக்கலாம். மஞ்சளும் ஊதாவும் சேருமா, பச்சையும் சிவப்பும் அடிக்குமா என்றெல்லாம் கவலைப்பட வேண்டாம், தீபாவளித் துணியில் அடிக்காத நிறம் எது? அடர்த்தியும் வெளிரும் மாறி மாறி வந்தால் எல்லாம் சேர்ந்துவிடும்.

அப்புறம் நடுவில் என்ன வைப்பது? போர்வையில் சூடு தருவது துணியைவிட, அடுக்குகளுக்கு நடுவில் அசையாமல் சிக்கிக்கொண்டு நிற்கிற காற்றுதான். அதனால் கனமாக அடைத்தால்தான் கதகதப்பு என்று கிடையாது. இலவம்பஞ்சை, கெகாபு என்று பாசாரில் விற்கிறார்களே அதை, வாங்கி அடைக்கிறார்கள். தலையணைக்கு அது நல்லது, போர்வைக்குச் சரிவராது. துவைத்தால் கட்டி கட்டியாகச் சேர்ந்து, ஒரு பக்கம் மேடும் ஒரு பக்கம் வெறும் துணியுமாகிவிடும். எங்கள் மலையிலோ வெயில் என்பது காலையில் இரண்டு மணி நேரம் வந்தால் பெரிய காரியம், உள்ளே கட்டிப்போன பஞ்சு காய்வதற்குள் பூஞ்சணம் பிடித்து நாற்றமெடுக்கும், நெஞ்சுச் சளிக்காரர்களும் ஆஸ்துமாக்காரர்களும் அதைப் போர்த்திக்கொண்டு கஷ்டப்படுவார்கள். பழைய மெல்லிய பருத்திப் போர்வையோ நைந்த கம்பளியோ ஒன்றை (கம்பளி என்றால் அதையும் முதலில் துவைத்துச் சுருக்கிக்கொண்டு) நடுவில் விரியுங்கள், அடியில் மெல்லிய பருத்தித் துணி. மூன்று அடுக்கு போதும். வீட்டு வாஷிங் மெஷினில் போகிற எடையாக இருக்க வேண்டும், ஈரத்தில் நீங்கள் ஒருவரே தூக்கிக் கொடியில் போட முடிய வேண்டும்.

மூன்று அடுக்கையும் மிஷினில் ஓட்ட எல்லோராலும் முடியாது, வீட்டு மிஷின் திணறும், துணி சுருட்டிக்கொள்ளும். முடிச்சு போடுங்கள். நாலு அங்குலத்துக்கு ஓர் இடத்தில் கெட்டி நூலை மேலிருந்து கீழே இறக்கி மேலே ஏற்றி இரட்டை முடிச்சு, அவ்வளவுதான். அல்லது கையாலேயே நூலோட்டம். போன டிசம்பரில் தோட்டத்தில் வேலை செய்கிற பங்களாதேஷ்காரர் ஒருவர் கால்சட்டை ஜிப் மாற்ற வந்தவர், நான் நூலோட்டம் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, எங்கள் அம்மா இப்படித்தான் பழைய சேலையை அடுக்கி அடுக்கித் தைப்பார், காந்தா என்போம் என்று மலாயில் சொன்னார். தையலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். கர்நாடகத்தில் சித்தி சமூகத்துப் பெண்கள் கவந்தி என்று ஒன்று தைக்கிறார்கள், அவர்கள் ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள், நாலு மூலையிலும் பூ என்று சின்ன ஒட்டுகள் வைப்பார்கள். சதுரமாக வெட்டவே வராத துண்டுகளுக்கு அந்த முறை ரொம்பப் பொருத்தம்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தைக்கிறபோது ஊசி ஒடிந்தால் ஒடிந்த நுனி கையில் கிடைக்கிற வரை அடுத்த தையல் போடாதீர்கள். நான் ஒரு காந்தத்தை நூலில் கட்டி மிஷின் பக்கத்திலேயே தொங்கவிட்டிருக்கிறேன், குண்டூசியையும் எண்ணித்தான் குத்துவேன், எண்ணித்தான் எடுப்பேன். போர்வைக்குள் மாட்டிக்கொண்ட ஒரு நுனி பல வருஷம் கழித்துக்கூட யாராவது ஒருவரின் முதுகில் குத்தும். பிறந்த குழந்தைக்குப் போர்வை தைத்துத் தாருங்கள் என்று கேட்டு நிறைய பேர் வருகிறார்கள். ஒரு வயது ஆகாத குழந்தை தூங்குகிற இடத்தில் போர்வையோ தலையணையோ இருக்கக் கூடாது, முகத்தை மூடிக்கொண்டால் அதற்கு விலக்கத் தெரியாது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆகவே விளையாட விரிக்கிற விரிப்பாகத் தைத்துத் தருகிறேன், பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் விரிக்கச் சொல்லி. கொசுவத்தி, அடுப்பு, ஹீட்டர் பக்கத்தில் எந்தப் போர்வையும் வேண்டாம். பருத்தியும் பற்றும்தான், பாலியஸ்டர் இன்னும் மோசம், உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

மிச்சம் இருக்கிற இரண்டு பைகளை என்ன செய்வது என்று கேட்பீர்கள். தயவுசெய்து வீட்டுக்குப் பின்னால் கொளுத்தாதீர்கள். தோட்டப்புறத்தில் இது பல காலப் பழக்கம், எனக்குத் தெரியும், ஆனால் பாலியஸ்டர் என்பது நூலாக நூற்ற பிளாஸ்டிக், அதைக் கொளுத்துகிற புகை பக்கத்து லயத்துக் குழந்தைகளின் நெஞ்சுக்குள்தான் போகிறது. திறந்த வெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றமும்கூட. பாலியஸ்டர் துண்டுகளைக் கயிறாகத் திரித்துக் கால் மிதி பின்னலாம், சுருங்காது, சீக்கிரம் காயும், இந்த ஊர் ஈரத்துக்கு அதுதான் சரி. காய்கறித் தோட்டத்துக்காரர்கள் பந்தல் கட்ட வாங்கிக்கொள்கிறார்கள். கையகலம்கூட இல்லாத பொடியை மெத்தைத் திண்டுக்குள் அடைக்கலாம், கொக்கியும் சமிக்கியும் இருந்தால் முதலில் வெட்டி எடுத்துவிடுங்கள்.

இந்த மழையில் தைக்கலாம் என்று நினைக்கிறவர்கள், கையில் பருத்தித் துண்டு போதாவிட்டால், ஊர்க்காரர்கள் என் கடைக்கே வாருங்கள். சாயம் சோதித்து, துவைத்து, இஸ்திரி போட்ட இரண்டு பை வைத்திருக்கிறேன், காசு வேண்டாம். மற்ற ஊரில் இருப்பவர்கள் பக்கத்துத் தையல்கடையில் கேட்டுப் பாருங்கள், தீபாவளிக்கு அப்புறம் பல கடைகளில் மூட்டை கிடக்கும். என் கடைக்கு வருகிறவர்கள் நடுவில் வைக்க ஒரு பழைய போர்வையை மட்டும் மறக்காமல் எடுத்து வாருங்கள், முதல் வரிசைப் பத்துச் சதுரத்தை உட்கார்ந்து சேர்த்துத் தைத்துவிட்டே போகலாம்.