டர்போ போச்சா, ஹோஸ் கிழிஞ்சுதா?

கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது ஒருநாள் என் டீசல் காருக்கு மூச்சு வாங்கியது. மூன்றாவது கியரில் அழுத்தி மிதித்தும் பிக்கப் இல்லை, பின்னால் கரும்புகை. ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைத் திறக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிட்டது: "டர்போ போச்சு சார், மாத்தணும்." கடைசியில் போயிருந்தது, டர்போ அமுக்கிய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குச் செல்லும் ரப்பர் ஹோஸ். அடிப்பக்கம் விரல் நீளத்துக்குக் கிழிசல். ஐடிலிங்கில் பார்த்தால் தெரியாது, உள்ளே அழுத்தம் ஏறினால்தான் வாய் திறக்கும்.

டர்போ வேலை செய்வது இப்படித்தான்: எஞ்சினிலிருந்து வீணாக வெளியேறும் புகையின் விசையில் ஒரு சக்கரம் சுழல, அதே தண்டின் மறுமுனைச் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. 1905-ல் சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி காப்புரிமை பெற்ற யோசனை. சின்ன கார் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை போகும். அத்தனை வேகத்தையும் தாங்குவது மெல்லிய ஆயில் படலம்தான்.

சரி, கோளாறை எப்படிப் பிடிப்பது? கரும்புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று வரவில்லை. ஹோஸ் கசியலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கலாம். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. அப்போதுதான் டர்போ மீது சந்தேகம் வலுக்கும்.

காரின் கோளாறு எண்களைப் படிக்கும் ஸ்கேனரில் பி 0299 என்று வந்தால், எதிர்பார்த்த அழுத்தம் கிடைக்கவில்லை என்பது மட்டுமே பொருள். டர்போ கெட்டுவிட்டது என்று அது சொல்வதில்லை! எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. சாவியைத் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், அழுத்த சென்சார் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். சென்னை கடல் மட்டத்தில் இருப்பதால் சுமார் 100 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். ஊட்டியில் 77 காட்டினால் சரி. மெரினா பக்கத்தில் நின்றுகொண்டு 77 காட்டினால் பொய் சொல்வது சென்சார்.

ஓ.எம்.ஆர். நெரிசலில் தினமும் ஊர்ந்துபோகும் கார்களுக்கு இன்னொரு தொல்லை. பல டீசல் டர்போக்களில் புகையைத் திருப்பிவிடும் சின்னச் சின்ன தகடுகள் இருக்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறாமலே ஓடினால் கரி படிந்து இவை இறுகிவிடும். காற்றை உறிஞ்சும் கை வேக்கம் பம்பால் இழுத்தால், இந்தத் தகடுகளை நகர்த்தும் ஆக்சுவேட்டர் கம்பி தடங்கல் இல்லாமல் நகர வேண்டும். நகர்ந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது வெடித்துப்போன வேக்கம் ஹோஸ்களை. மலிவான பொருள்தான், ஆனால் யாரும் அதைத் தொட்டுப் பார்ப்பதில்லை.

எல்லாம் பார்த்த பிறகு, எஞ்சின் ஆறியதும், காற்றுக் குழாயைக் கழற்றித் தண்டை விரலால் அசைக்கலாம். பக்கவாட்டில் துளி ஆட்டம் இயல்பு. உள்ளே வெளியே நகர்ந்தாலோ, இறக்கைகள் சுவரில் உரசிய தடம் இருந்தாலோ டர்போ உண்மையிலேயே போய்விட்டது. அப்புறம் ஏன் போனது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஆயில் சரியாகப் போய்ச் சேராததுதான் காரணம்: காலம் கடந்த ஆயில், அல்லது கரி அடைத்த ஆயில் குழாய். புதுப்பேட்டையில் செகண்ட்ஹேண்ட் டர்போ வாங்குபவர்கள் தண்டை ஆட்டிப் பார்த்துத்தான் பேரம் பேசுகிறார்கள். ஆனால் அடைத்துக்கொண்ட அதே பழைய ஆயில் குழாயை மாட்டிவிட்டால், வந்த டர்போவும் சீக்கிரமே புதுப்பேட்டைக்குத் திரும்பிவிடும்.