நிற்கப்போகும் வண்டியில் பிரேக் ஏன் துடிக்கிறது?

ஈரமில்லாத சாலை. சிக்னலை நெருங்கி வண்டி ஊர்ந்துகொண்டிருக்கிறது. பிரேக்கில் வைத்த காலுக்கடியில் பெடல் திடீரென்று கடகடவென அதிர்கிறது. நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் வழுக்கிப் போய்த்தான் வண்டி நிற்கிறது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கும் அமைப்புதான் ஏபிஎஸ். அதில் கோளாறு என்று சொல்லும் விளக்கு டேஷ்போர்டில் எரியவே இல்லை.

1999 முதல் 2002 வரையிலான மாடல் ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப், எஸ்யுவி வண்டிகளில் அமெரிக்காவில் எழுந்த புகார் இது. 2005-இல் அந்த நிறுவனம் ஏறக்குறைய 8 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மாநிலங்களில் ஓடிய வண்டிகள் அவை. காரணம் துரு. ஆனால் சக்கரத்தின் வேகத்தை ஏபிஎஸ்ஸுக்குச் சொல்லும் சென்சாரைத் துரு தின்றுவிடவில்லை. அதன் அடியில் படிந்து, அதை ஒரு மயிரிழை தூக்கிவிட்டது, அவ்வளவுதான்.

அந்த மயிரிழை ஏன் பெரிய விஷயம்? பழைய வகை சென்சார் என்பது ஒரு காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச்சுருளும்தான். எதிரே சக்கரத்தோடு சுழலும் இரும்புப் பல்வளையம். (ஏபிஎஸ் உள்ள பைக் வீட்டில் இருந்தால் முன்சக்கர டிஸ்க்கின் பக்கத்தில் பாருங்கள், வரிசையாகத் துளை போட்ட சின்ன வளையம் தெரியும். பல்லுக்குப் பதில் துளை, வேலை ஒன்றுதான்.) ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது காந்தப்புலம் ஏறி இறங்க, சுருளில் ஒரு மின்னழுத்த அலை பிறக்கும். வளையத்தில் 48 பல், டயரின் சுற்றளவு 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 400 அலை, 10 கி.மீ. வேகத்தில் சுமார் 67. ஏபிஎஸ் கம்ப்யூட்டர் இந்த அலைகளை எண்ணித்தான் வேகத்தைக் கணக்கிடுகிறது.

சிக்கல் அலையின் உயரத்தில் இருக்கிறது. வேகம் குறையக் குறைய அலை குட்டையாகும். சென்சாருக்கும் பல்லுக்கும் இடைவெளி கூடினாலும் குட்டையாகும். ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய இடைவெளி துருவால் கொஞ்சம் அகன்றால், நெடுஞ்சாலை வேகத்தில் ஒன்றும் தெரியாது. வண்டி நிற்கப்போகும்போதுதான் அந்த ஒரு சக்கரத்தின் அலை மற்ற மூன்றுக்கும் முன்பே மறைந்துவிடும். கம்ப்யூட்டர் என்ன நினைக்கும்? மூன்று சக்கரம் உருள்கிறது, ஒன்று நின்றுவிட்டது, அப்படியானால் அது பூட்டிக்கொண்டது. உடனே அந்தச் சக்கரத்தின் பிரேக் அழுத்தத்தை விட்டு விட்டுத் தளர்த்தும், காலுக்கடியில் வரும் துடிப்பு அதுதான். தன் கணக்குப்படி அது சரியாகத்தான் நடந்துகொள்கிறது, பாவம். அதனால்தான் விளக்கும் எரியவில்லை.

விளக்கு எரிந்து, கம்ப்யூட்டர் பதிந்த கோளாறைப் படிக்கும் ஸ்கேனரில் சி0035 (C0035) என்ற கோளாறு எண் வந்தாலும் முழு விடை கிடைத்துவிடாது. முன் இடது சக்கரத்தின் சென்சார் சுற்றில் கோளாறு என்பதுதான் அதன் பொருள். சுற்று என்றால் சென்சார், வயர், கப்ளர் எல்லாம் சேர்த்து. எண் வந்தவுடன் சென்சாரை மாற்றுவது நம் ஒர்க்‌ஷாப்களில் பரவலான பழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

நல்ல மெக்கானிக் ஸ்கேனரில் நான்கு சக்கர வேகத்தையும் ஒரே திரையில் வரைபடமாக ஓடவிட்டு, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, ஆளில்லாத இடத்தில் வண்டியை மெல்ல நிறுத்திப் பார்ப்பார். நான்கு கோடும் சேர்ந்து இறங்கும். ஒன்று மட்டும் 10 கி.மீ. வாக்கில் தொப்பென்று பூஜ்யத்தில் விழுந்தால் கோளாறு அந்தச் சக்கரத்தில்தான். மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் இருந்தால் இன்னும் நுணுக்கமாகப் பார்க்கலாம். சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் அலை பிசகினால் பல் உடைந்திருக்கும், அல்லது வளையத்தில் விரிசல் விழுந்திருக்கும். அலையின் உயரம் சுற்றுக்கு ஒருமுறை கூடிக் குறைந்தால் பேரிங் ஆட்டம் கண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் சிக்னல் போனால், உறைக்குள்ளே வயர் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பழைய வகைக்கு மல்டிமீட்டரில் ஓம் (கம்பிச்சுருளின் மின்தடை) வைத்துப் பார்க்கலாம். பெரும்பாலும் 800-க்கும் 2,000-க்கும் இடையில் காட்டும். புதிய வகையில் அந்தச் சோதனையே வேண்டாம், உள்ளே சிப் இருக்கிறது. இதிலும் இரண்டு வயர்தான், ஆனால் கம்ப்யூட்டரே மின்சாரம் கொடுக்கும். சென்சார் அதை 7, 14 மில்லி ஆம்பியர் என மாற்றி மாற்றி இழுக்கும். வேகம் எதுவானாலும் அந்த இரண்டு அளவும் மாறாததால், சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றினாலே சிக்னல் தெளிவாகத் தெரியும்.

இதில் பல்வளையத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே வட, தென் துருவங்கள் மாறி மாறிப் பதித்த காந்தப் பட்டை இருக்கும். கண்ணுக்குச் சாதாரண ரப்பர் சீல் போலத்தான் தெரியும். அவசரத்தில் பேரிங்கைத் திருப்பி மாட்டிவிட்டால் பட்டை ஒரு பக்கம், சென்சார் மறுபக்கம். விளக்கு எரியும், சென்சாரை மாற்றுவார்கள், திரும்பவும் எரியும். கடைசியில் விஷயம் புரிந்து கழற்றும்போது, அழுத்தி ஏற்றிய அந்தப் புது பேரிங் பெரும்பாலும் பாழாகிவிடும். இன்னொன்று வாங்க வேண்டியதுதான்.