பட்டை மாட்டாத ஹெல்மெட்

கிளம்பும் அவசரத்தில் ஒருவர் ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்க்கிறார். தாடைப் பட்டையைக் கையில் எடுக்கும்போது போன் அடிக்கிறது. பேசி முடித்துப் பையில் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்புகிறார். பட்டை காற்றில் ஆடுகிறது. முதல் திருப்பத்தில் போட்ட இண்டிகேட்டர் மூன்று தெரு தாண்டியும் மின்னிக்கொண்டிருக்கிறது. ஹெல்மெட்டின் அவசியம் பற்றிக் கேட்டுப் பாருங்கள், பத்து நிமிடம் பேசுவார்.

அலட்சியம் என்று சொல்லிவிடுவது சுலபம். பலரிடம் அது அலட்சியமேதான். ஆனால் பெரியவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு இருக்கிறது. குழந்தைகளின் நோய் என்றே இதை நினைத்துப் பழகிவிட்டோம். வயது ஏறும்போது ஓட்டமும் குதியும் அடங்கிவிடும். மறதியும் அவசரமும் பலரிடம் தங்கிவிடும். அதன் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும் என்கிறது மருத்துவ வரையறை. ஆகவே போன மாதம் முதல்தான் மறதி என்பவர்கள் முதலில் தங்கள் தூக்கத்தைக் கவனிக்கலாம்.

கவனக்குறைவு என்ற பெயரே கொஞ்சம் தவறானது. இவர்களுக்குக் கவனம் இல்லாமல் இல்லை, அது சீராக இருப்பதில்லை. எதிர்வினை வேகத்தை அளக்கும் சோதனைகளில் இவர்கள் பல முறை மற்றவர்களைப் போலவே பொத்தானை அழுத்துவார்கள். நடுநடுவே ஒரு முறை மட்டும் மிகவும் தாமதமாகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடுகிறது. அந்த ஒரு தாமதம் முன்னால் போகும் லாரி பிரேக் போடும் நேரத்தில் வந்தால் போதும். வளைவும் மழையும் மூளையைத் தட்டி எழுப்பிவிடும். தினமும் போகிற நேரான சாலையில்தான் மனம் நழுவுகிறது.

அடுத்தது, செய்ய வேண்டியதை உரிய நேரத்தில் நினைவுக்குக் கொண்டுவரும் திறன். இதில்தான் பைக் இவர்களைக் கடுமையாகச் சோதிக்கிறது. காரில் ஸ்டீயரிங் நேராகும்போது இண்டிகேட்டர் தானே அணைந்துவிடும். பெரும்பாலான பைக்குகளில் அதை விரலால்தான் அணைக்க வேண்டும். அணைக்க மறந்தால், இவர் திரும்பப் போகிறார் என்று நம்பி எதிரே வருபவர் குறுக்கே நுழைவார்.

மூன்றாவது, பலன் கைக்கு வரும் காலம். தள்ளி நிற்கும் பலனின் மதிப்பு எல்லோருக்கும் குறைவாகத்தான் படும்; இவர்களுக்கு அது இன்னும் வேகமாகத் தேய்கிறது. ஹெல்மெட்டின் புழுக்கம் இந்த நிமிடத்தில் இருக்கிறது. அது தரும் காப்பு என்றோ ஒரு நாளுக்கானது. விபத்தில் இறக்கும் வாய்ப்பை ஹெல்மெட் சுமார் 42 சதவீதமும், தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைப்பதாக ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று கணக்கிட்டது. அந்த எண்ணைச் சொல்லி இவர்களைத் திருத்த முடியும் என்று நான் நம்பவில்லை. எண் அவர்களுக்கும் தெரியும்.

மருந்து உதவுகிறதா? அமெரிக்காவில் இக்கோளாறு உள்ள 23 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2017-இல் ஒரு முடிவு வெளியானது. மருந்து எடுத்த மாதங்களில் வாகன விபத்துக்காக அவசர சிகிச்சைக்கு வருவது ஆண்களிடம் 38 சதவீதமும் பெண்களிடம் 42 சதவீதமும் குறைவாக இருந்தது. ஒரே நபரின் இருவேறு மாதங்களை ஒப்பிட்டதால், ‘மருந்தை ஒழுங்காக எடுப்பவர் இயல்பிலேயே ஜாக்கிரதையானவர்’ என்று எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அது எல்லா வாகனங்களுக்குமான கணக்கு, பைக்குக்கு மட்டுமானது அல்ல. காலையில் போட்ட மாத்திரையின் வீரியம் மாலையில் வீடு திரும்பும் நேரத்தில் இறங்கியிருக்கவும் கூடும்.

எனவே நினைவை நம்பாத ஏற்பாடுகளே கைகொடுக்கின்றன. சைடு ஸ்டாண்டை எடுக்காமல் கியர் போட்டால் எஞ்சின் நின்றுவிடும் வண்டிகள் வந்துவிட்டன; அங்கே ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலையை ஒரு சுவிட்ச் எடுத்துக்கொண்டது. சாவியை ஹெல்மெட் பட்டையிலேயே கோத்து வைப்பது இதே தந்திரத்தின் செலவில்லாத வடிவம்: ஹெல்மெட்டைத் தொடாமல் சாவி கிடைக்காது. இடையில் குறுக்கீடு வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராமல் சரிபார்ப்பை முதலிலிருந்து தொடங்கும் பழக்கம் விமானிகளிடம் உண்டு. நம்மவருக்கும் அது பொருந்தும். போன் அடித்ததா? பேசி முடித்ததும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்ட வேண்டும். பட்டையில் ‘கிளிக்’ சத்தம் கேட்ட பிறகுதான் சாவி.