சால்டரிங்: தமிழில் முன்பே இருந்த 'பற்றாசு'

கிடாரில் தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் உறுப்பு பிக்கப். அதில் ஆக்டிவ் வகையை மாற்றிப் போடுகிறவர் வாயில் அதிகம் புழங்கும் சொல் 'சால்டரிங்', அதாவது ஈயக் கம்பியை உருக்கி ஒயரை ஒட்டுவது. இதைத் தமிழில் எழுதச் சொன்னால் பலரும் 'பற்றவைப்பு' என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. வெல்டிங்குக்கும் அதே சொல்தான். அடுப்பையும் பீடியையும்கூடப் பற்றத்தான் வைக்கிறோம்.

வெல்டிங்கில் இணைகிற இரண்டு இரும்பும் தாமே உருகிக் கலக்கின்றன. சால்டரில் அப்படி இல்லை. செம்பு உருக ஆயிரம் டிகிரிக்கு மேல் வேண்டும். வெள்ளீயம் 60, காரீயம் 40 என்று கலந்த கம்பியோ 183 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். ஒயரும் முனையும் உருகாமல் அப்படியே இருக்க, மூன்றாவதாக ஓர் உலோகம் நடுவே புகுந்து இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. அந்த மூன்றாவது உலோகத்துக்குத் தமிழில் பெயர் உண்டு: பற்றாசு. சுருக்கமாக, ஆசு.

இதைப் பொற்கொல்லரிடம் மட்டுமல்ல, யாப்பிலக்கணத்திலும் பார்க்கலாம். நேரிசை வெண்பாவில் இரண்டாம் அடியின் தனிச்சொல் முன்னால் உள்ளவற்றோடு ஒட்டாமல் நின்றால், இடையில் ஓரசையோ ஈரசையோ சேர்த்து இசைப்பார்கள். அதுதான் ஆசிடை வெண்பா. ஒட்டாத உலோகங்களைப் பற்றாசு இட்டு இணைப்பதுபோல என்று யாப்பருங்கலக்காரிகை உரை இதை விளக்குகிறது. சொற்கள் மாறுவதில்லை, நடுவே ஒன்று சேர்கிறது. சால்டருக்கு இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தெரியவில்லை. (குற்றம் என்ற பொருளிலும் ஓர் 'ஆசு' உண்டு. ஆசுகவியின் 'ஆசு' வடமொழியிலிருந்து வந்தது, விரைவு என்று பொருள். மூன்றையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன்: திடமாக்குதல் என்ற பொருளுடைய வினை, பிரெஞ்சு வழியாக வந்தது. அதே வேரில் பிறந்த பொற்காசின் பெயரிலிருந்துதான் கூலிக்குப் போரிடுபவனைக் குறிக்கும் 'சோல்ஜர்' வந்தது. அமெரிக்கர்கள் நடுவில் உள்ள 'ல்' இல்லாமல் 'சாடர்' என்பார்கள்; நாம் பிரிட்டிஷ் வழக்கப்படி 'ல்' போட்டுச் சொல்கிறோம்.

இனி கிடாருக்கு வருவோம். ஆக்டிவ் பிக்கப்புக்குள் சிறு பெருக்கி இருப்பதால் 9 வோல்ட் பேட்டரி வேண்டும். கலிஃபோர்னியாவின் இஎம்ஜி பிக்கப்புகளுக்கு ஒலியளவைத் திருகும் வழக்கமான 250, 500 கிலோ ஓம் பாட் பொருந்தாது, 25 கிலோ ஓம் போட வேண்டும். கவனம் தேவைப்படும் இடம் கேபிளைச் செருகும் ஜாக். மோனோ ஜாக்கைக் கழற்றிவிட்டு ஸ்டீரியோ ஜாக் வைப்பார்கள். பேட்டரியின் கறுப்பு ஒயருக்கு நடுமுனையில் பற்றாசு இட வேண்டும். கேபிளைச் செருகும்போது மோனோ பிளக்கின் உடம்பு அந்த முனையையும் எர்த்தையும் சேர்த்துவிடும். பேட்டரி வேலைசெய்யத் தொடங்கும். தவறி அந்த ஒயரை நேராக எர்த் முனையில் வைத்தால் கிடார் என்னவோ பாடும், ஆனால் பேட்டரி இரவு பகலாகத் தீர்ந்துகொண்டே இருக்கும்.

ஆசு நன்றாகப் பிடிப்பதற்காகப் பொற்கொல்லர் பற்றாசோடு வெண்காரப் பொடி வைத்து ஊதுவார். 'பொடிவைத்துப் பேசுகிறான்' என்பதே அந்தப் பட்டறையிலிருந்து வந்தது என்பார்கள். கிடாரில் வெண்காரத்தின் வேலையைச் செய்வது சால்டர் கம்பிக்குள்ளேயே இருக்கும் பைன் மரப் பிசின். குழாய் வேலைக்கான அமிலப் பசையைத் தொடவே கூடாது, ஒயரை அரித்துவிடும்.

ஆகவே சால்டர் பற்றாசு, சால்டரிங் பற்றாசிடுதல், சால்டரிங் அயர்னைப் பற்றாசுக்கோல் எனலாம். டிவி மெக்கானிக்குகள் 'டிரை சால்டர்' என்பதை 'உலர் பற்றாசு' என்று பெயர்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. சூடு போதாமல் மேலே உருண்டையாக உட்கார்ந்திருப்பதுதான் அங்கே கோளாறு, ஈரம் இல்லாதது அல்ல. 'ஆசு பிடிக்கவில்லை' என்றாலே விளங்கும். பிக்கப்பைப் பிக்கப் என்றே விட்டுவிடலாம். அதற்கு 'ஒலியெடுப்பி' என்று எழுதினால் கடைக்காரர் எதை எடுத்துத் தருவாரோ!