எலிக்கு ஏறிய அறிவும் வலியும்

பாலக்கோட்டுப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியர். எங்கள் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கதை எழுதிக் கொடுத்தான். கணக்கில் எப்போதும் கோட்டை விடும் ஒரு பையனை அவன் அப்பா தர்மபுரிக்குக் கூட்டிப்போய் மூளையில் ஊசி போட்டுவிடுகிறார். அதன்பின் புத்தகத்தை ஒரு தடவை புரட்டினாலே எல்லாம் மனதில் பதிந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பில் ஐந்நூற்றுக்கு ஐந்நூறு. கதை முடிந்தது.

வகுப்பில் வாசித்துக் காட்டியதும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: “சார், ஊசி போடறதுக்கு முன்னாடி அந்தப் பையன்கிட்ட யாராவது கேட்டாங்களா?”

எழுதியவன் கொஞ்ச நேரம் யோசித்தான். “அதான் அவங்க அப்பா சொல்லிட்டாரே” என்றான்.

அறிவைக் கூட்டும் மருத்துவத்தைப் பற்றி உலகம் முழுக்கப் பேசுகிறவர்கள் சுற்றிச் சுற்றி வந்து நிற்கும் இடம் அந்தப் பெண்ணின் கேள்விதான். இந்த வகைக் கதைகளில் அதிகம் பேசப்படும் ஒன்று டேனியல் கீஸ் எழுதிய ‘ஃபிளவர்ஸ் ஃபார் அல்ஜெர்னான்’. 1959-இல் சிறுகதையாக வந்தது, 1966-இல் நாவலாக வளர்ந்தது. பேக்கரியில் எடுபிடி வேலை பார்க்கும் சார்லிக்கு நுண்ணறிவு எண் (ஐ.க்யூ.) 68. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அது 185 வரை ஏறுகிறது. அதே சிகிச்சையை அவனுக்கு முன்பே பெற்ற எலிதான் அல்ஜெர்னான். நாவலில் சார்லிக்காகச் சம்மதம் சொல்வது அவனுடைய தங்கை. அறிவு வேண்டும் என்று சார்லியும் ஆசைப்படுகிறான். ஆனால் எதற்குச் சம்மதிக்கிறோம் என்பது புரிய, சிகிச்சைக்குப் பிறகு கிடைக்கப்போகும் அந்த அறிவு அல்லவா முதலில் வேண்டும்! அது ஏறிய பிறகுதான், கூட வேலை செய்தவர்கள் இத்தனை நாள் தன்னைக் கேலி செய்துதான் சிரித்தார்கள் என்று அவனுக்கு உறைக்கிறது. பெற்ற அறிவு நிலைக்காது என்பதையும் அவனே கண்டுபிடிக்கிறான்.

நிஜத்தில் இப்படிச் செய்ய முடியுமா? ஓரளவு செய்திருக்கிறார்கள், எலியில்.

அதைச் சொல்வதற்கு முன், நினைவு எப்படிப் பதிகிறது என்று பார்த்துவிடலாம். மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள் உண்டு. ஒன்று இன்னொன்றுக்குச் செய்தி கடத்தும் சந்திப்புக்குப் பெயர் சினாப்ஸ். அங்கே செய்தி வாங்கும் பக்கத்தில் என்எம்டிஏ ஏற்பி என்றொரு சின்னக் கதவு இருக்கிறது. வங்கி லாக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். நம் சாவி மட்டும் போதாது, வங்கியின் சாவியும் சேர வேண்டும். இந்தக் கதவும் அப்படித்தான். அந்தப் பக்கத்து நியூரான் அனுப்பும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் வந்து ஒட்டுவது முதல் சாவி. வாங்கும் நியூரான் அதே சமயத்தில் ஏற்கெனவே தூண்டப்பட்டிருப்பது இரண்டாவது சாவி. தூண்டப்பட்டிருந்தால்தான் கதவின் வாயைத் தக்கைபோல் அடைத்திருக்கும் மக்னீசியம் விலகும். உடனே கால்சியம் உள்ளே பாயும். அந்த இணைப்பு பலப்படும்.

அடுப்பில் களி கிண்டும் வாசனையும் ஆயாவின் குரலும் சின்ன வயதில் ஒன்றாகவே வந்துகொண்டிருந்தன. அதனால்தான் இன்று எங்கேயோ அந்த வாசனை வந்தாலும் ஆயா குரல் கேட்பது போலிருக்கிறது. ஒரே நேரத்தில் வந்த இரண்டை முடிச்சுப் போட்டு வைப்பது இந்தக் கதவு.

கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பது அதன் பாகங்களைப் பொறுத்தது. என்ஆர்2பி என்ற புரதம் இருந்தால் சற்றுக் கூடுதல் நேரம் திறந்திருக்கும். இளம் மூளையில் இது அதிகம், வயது ஏற ஏறக் குறைந்துவிடும். 1999-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜோ சியன் குழுவினர், எலியின் முன்மூளையில் இந்தப் புரதம் கூடுதலாக உருவாகும்படி மரபணுவைச் சேர்த்தார்கள். அந்த எலிகள் ஏற்கெனவே பார்த்த பொருளை நீண்ட நாள் அடையாளம் வைத்திருந்தன. தண்ணீர்த் தொட்டியில் மறைந்திருக்கும் மேடையை மற்ற எலிகளைவிட விரைவாகக் கண்டுபிடித்தன. உலகம் முழுக்கச் செய்தியானது.

2001-இல் இன்னோர் ஆய்வு வந்தது. அந்தச் செய்தி அவ்வளவு தூரம் பரவவில்லை. மின் ஷுவோ குழுவினர் அதே வகை எலிகளின் வலியை அளந்தார்கள். சூடு பட்டால் சட்டென்று காலை இழுப்பதில் வித்தியாசம் இல்லை. ஆனால் வீக்கத்தால் நாள்கணக்கில் நீடிக்கும் வலி இந்த எலிகளுக்கு அதிகமாக இருந்தது. நினைவைப் பலப்படுத்தும் அதே கதவு வலியின் பாதையிலும் இருக்கிறது. அதை அதிக நேரம் திறந்து வைத்தால் பாடமும் தங்கும், வலியும் தங்கும்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ரேடியோவில் சத்தம் கூட்டுவதற்கென்று ஒரு திருகு இருப்பது போல, அறிவுக்கென்று மட்டும் மூளையில் ஒரு திருகு இல்லை. எதைத் திருகினாலும் வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்து அசைகிறது.

மாத்திரைகளின் நிலைமையும் இதுதான். கவனக்குறைவுக் கோளாறு உள்ளவர்களுக்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட், நியூரான் வெளியிட்ட டோபமின் என்ற வேதிப்பொருளை மறுபடி உள்ளே இழுக்கவிடாமல் தடுக்கிறது. தேவைப்பட்டவர்களுக்கு அது நல்ல மருந்து. 2023-இல் வெளியான ஓர் ஆய்வில் இதையும் இதுபோன்ற வேறு இரண்டு மருந்துகளையும் ஆரோக்கியமான 40 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எடைக்கு வரம்புள்ள ஒரு பை, முன்னால் பல பொருள்கள். எவற்றை எடுத்தால் மதிப்பு அதிகம்? இதுதான் புதிர். மருந்து எடுத்தபோது அவர்கள் கூடுதல் நேரம் மெனக்கெட்டார்கள், பொருள்களை மாற்றி மாற்றி அடுக்கினார்கள். ஆனால் அந்த மெனக்கெடலின் தரம் இறங்கிவிட்டது. மருந்தில்லாமல் நன்றாகச் செய்தவர்களில் பலர் மருந்தோடு சராசரிக்குக் கீழே போனார்கள். பரீட்சை நேரத்தில் மருத்துவர் சொல்லாமல் இவற்றைத் தேடும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, அறிவைக் கூட்டுவது என்றாலே ஊசியும் அறுவை சிகிச்சையும்தானா? எங்கள் வகுப்புக்குள்ளேயே பாருங்கள். சில பிள்ளைகள் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறார்கள். பல்லில் காவிக் கறை. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பாறைகளில் உள்ள ஃபுளோரைடு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கரைகிறது. பல் உருவாகும் வயதில் அதைக் குடித்தால் எனாமல் சரியாக இறுகாது, கறை நிலைத்துவிடும். இதற்காகத்தான் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது.

பல்லோடு போகும் விஷயம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள குடிநீரைக் குடிக்கும் சூழலுக்கும் பிள்ளைகளின் நுண்ணறிவு எண் குறைவாக இருப்பதற்கும் தொடர்பு இருப்பதாக, மிதமான உறுதியோடு, அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம் 2024-இல் அறிவித்தது. அது பரிசீலித்த ஆய்வுகளில் இந்தியாவில் நடந்தவையும் உண்டு. ஒன்று சொல்லிவிடுகிறேன்: இது கூட்டத்தின் சராசரியைப் பற்றிய கணக்கு. பல் கறையைப் பார்த்து எந்தப் பிள்ளையின் அறிவையும் எடைபோடக் கூடாது. கணக்கில் என் வகுப்பு முதல் மாணவிக்கே கறை இருக்கிறது.

அயோடினும் அப்படித்தான். கர்ப்பத்தில் அது போதாவிட்டால் தைராய்டு ஹார்மோன் குறைந்து சிசுவின் மூளை வளர்ச்சியே பாதிக்கும். தடுக்கக்கூடிய மூளைப் பாதிப்புகளுக்கு உலகில் முதன்மையான காரணங்களில் ஒன்று அயோடின் குறைபாடு. அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்க இந்தியா 2006-இல் மறுபடி தடை விதித்தது. நல்ல தண்ணீரிலும் உப்பிலும் எந்த எலியின் வலியும் இல்லை. குறைந்ததைத் திருப்பிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். இருப்பதற்கு மேல் ஏற்றுவது வேறு. அங்கேதான் யாரைக் கேட்டோம், வலியை யார் தாங்குவார்கள் என்ற கேள்விகள் கூர்மையாகின்றன. பிள்ளைக்கு வெறும் மதிப்பெண்ணுக்காக அப்படிச் செய்ய அப்பாவின் சம்மதம் போதாது என்பது என் எண்ணம்.

அந்த மாணவனிடம் எலிகளின் கதையைச் சொன்னேன். திருத்தச் சொல்லவில்லை. நான்கு நாள் கழித்து அவனே புதிய தாள் கொண்டுவந்தான். ஊசியும் அப்பாவும் அப்படியே இருக்கிறார்கள். இந்தத் தடவை அப்பா பையனிடம் கேட்கிறார். அவன் திருப்பிக் கேட்கிறான்: “வலிக்குமாப்பா? எவ்வளவு நாளைக்கு?” அப்பா மருத்துவரைப் பார்க்கிறார். மருத்துவர் ஊசியைத் தட்டில் வைக்கிறார்.

அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை சார் என்றான். அப்படியே பத்திரிகையில் சேர்த்துவிட்டோம்.